சர்வர் திணறினால் அபராதம் வியாபாரிக்கா?

வியாபாரத்தில் நாணயம் என்பது சொன்ன தேதியில் பணத்தைக் கொடுப்பது. சரக்கு கொடுத்தவருக்கு மட்டுமல்ல, அரசுக்கும் அது பொருந்தும். பெருந்துறையில் மளிகைக் கடை வைத்திருப்பவரோ, தேங்காய்ப் பருப்பும் மஞ்சளும் மொத்தமாக வாங்கி விற்பவரோ வரி கட்ட மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் கட்டுவதற்கென்று அரசு திறந்து வைத்திருக்கும் இணையதளம் கடைசி நாளன்று திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், அந்தத் தாமதத்துக்கான அபராதத்தை வியாபாரியின் தலையில் கட்டுவது எந்த வகையில் நியாயம்?

இது இன்று நேற்று வந்த தொல்லை அல்ல. ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் மாதத்துக்கான 3பி படிவத்துக்கு ஆகஸ்ட் 20 கடைசி நாள். அதற்கு முந்தைய நாளே தளம் திணறியதால் கெடு 25 வரை நீட்டிக்கப்பட்டது. செப்டம்பரில் இந்தக் கோளாறுகளை ஆராய சுஷில் குமார் மோடி தலைமையில் அமைச்சர் குழுவே அமைக்க வேண்டி வந்தது. 2018 பிப்ரவரி 1 முதல் இ-வே பில் கட்டாயம் என்றார்கள். அன்றே அந்தத் தளம் முடங்கி, திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2025 ஜனவரியிலும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கலுக்குரிய 11-ஆம் தேதிக்கு முன்பாகத் தளம் முடங்கி, கெடு 13-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது.

சர்வர் ஏன் திணறுகிறது?

தீபாவளிக்கு முந்தைய நாள் நம் கடையையே எடுத்துக்கொள்வோம். பில் போட நான்கு பேரை உட்கார வைத்தாலும், எடை போட ஒரே தராசுதான் என்றால் கூட்டம் தராசருகே தேங்கி நிற்கும். இணையதளமும் அப்படித்தான். முகப்புப் பக்கம் எல்லோருக்கும் ஒன்றே. அதைத் தயாராக வைத்திருந்து உடனே கொடுத்துவிடலாம். நம் 3பி பக்கம் அப்படியல்ல. நாம் விற்றது, வாங்கியது, வரவில் உள்ள வரி எல்லாவற்றையும் தரவுக் கிடங்கிலிருந்து எடுத்துக் கூட்டிக் கழித்த பிறகே அது திரைக்கு வரும். லட்சக்கணக்கானோர் ஒரே மணி நேரத்தில் அதையே கேட்டால் வரிசை நீளும். பக்கம் வரவில்லையே என்று நாம் திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தினால், ஒவ்வோர் அழுத்தமும் புதிய கோரிக்கையாகப் போய் வரிசையை இன்னும் நீட்டும்.

அரசுக்கு இது தெரியாததல்ல. 2020 ஜனவரியில் நெருக்கடியைக் குறைக்க 3பி கெடுவை 20, 22, 24 என்று மூன்றாகப் பிரித்தது. அதே ஆண்டு மார்ச்சில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், ஒரே நேரத்தில் ஒன்றரை லட்சம் பேரைத் தாங்கிய தளத்தை மூன்று லட்சம் பேரைத் தாங்கும்படி பெருக்க முடிவு செய்தது. இன்று பதிவு பெற்றவர்கள் சுமார் ஒன்றரைக் கோடி. எனவே எவ்வளவு பெருக்கினாலும் கடைசி நாள் கூட்டத்துக்கு ஏதாவது ஒரு மாதம் அது போதாமல் போகும்.

பாதிப்பு யாருக்கு?

3பி தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.50 தாமதக் கட்டணம். விற்பனையே இல்லாத கணக்கென்றால் ரூ.20. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி வரை உள்ளவருக்கு ஒரு படிவத்துக்கு அதிகபட்சம் ரூ.2,000. கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவீத வட்டி வேறு.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மொத்த வியாபாரி மாதாமாதம் கொடுக்கும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 பதினோராம் தேதிக்குள் ஏறாவிட்டால், 14-ஆம் தேதி தயாராகும் 2பி கணக்கில் அவரிடம் வாங்கிய சில்லறைக் கடைக்காரரின் வரி வரவு வராது. அது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். அதுவரை அந்தத் தொகையைக் கடைக்காரர் கைக்காசிலிருந்து கட்டியாக வேண்டும். இரண்டு சதவீத லாபத்தில் சர்க்கரையும் எண்ணெயும் விற்பவருக்கு இது சாதாரணச் சுமையா? ஓரிடத்தில் சர்வர் திணறினால், வாங்கியவர் விற்றவர் இடையே மனக்கசப்பும் சேர்ந்து வளர்கிறது.

நம் பக்கம் செய்ய வேண்டியவை

எல்லாத் தாமதத்துக்கும் சர்வரே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. குறையை எங்கே என்று கண்டுபிடித்த பிறகே குரல் எழுப்ப வேண்டும்.

1. முதலில் வேறு ஓர் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் மெதுவென்றால் குறை நம் இணைப்பில்தான். கைபேசியின் இணைப்பில் கணினியை இணைத்துப் பார்த்தாலும் தெரிந்துவிடும். மற்றவை வேகமாகத் திறந்து, ஜி.எஸ்.டி. தளம் மட்டும் சுற்றினால், பிரவுசரில் தேங்கிய பழைய கோப்புகளை நீக்கி ஒருமுறை முயலுங்கள். உள்ளே நுழைய முடிந்து, கணக்குப் பக்கம் மட்டும் வராவிட்டால் குறை பெரும்பாலும் அவர்கள் பக்கம்.

2. விற்பனை விவரங்களைத் தளத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடிக்க வேண்டாம். அரசே இலவசமாகத் தரும் ஆஃப்லைன் மென்பொருளில் தயார் செய்து, கோப்பாக ஏற்றலாம். விற்பனையும் வாங்கலும் இல்லாத மாதத்துக்குத் தளத்துக்கே போக வேண்டாம். 14409 எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே 3பி தாக்கல் செய்யும் வசதி 2020 ஜூன் முதல் உண்டு.

3. படிவம் ஏறாவிட்டாலும் பணத்தைக் கெடுவுக்குள் ரொக்கப் பேரேட்டில் ஏற்றிவிடுங்கள். கெடு நாள் முதல் பற்று வைக்கும் நாள் வரை அப்பேரேட்டில் இருந்த தொகைக்கு வட்டி இல்லை என்று 2024 ஜூலையில் விதி திருத்தப்பட்டிருக்கிறது. வங்கியில் பணம் பிடிக்கப்பட்டும் பேரேட்டில் ஏறாவிட்டால் அவசரப்பட்டு மறுபடி கட்ட வேண்டாம். ஒரு நாள் பார்த்துவிட்டு பி.எம்.டி.-07 படிவத்தில் முறையிடுங்கள்.

4. பிழைச் செய்தி வந்தால் தேதி, நேரம் தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள். தளத்தின் புகார்ப் பகுதியில் பதிந்து எண் வாங்குங்கள். தொழில்நுட்பக் கோளாறுகளுக்கென 2018 ஏப்ரல் 3 அன்று வந்த சுற்றறிக்கையும், முயன்றதற்கான ஆதாரத்தைத்தான் கேட்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசி நாள் மாலை வரை பில் கட்டை ஆடிட்டரிடம் கொடுக்காமல் வைத்திருக்கும் வழக்கத்தை நம்மில் பலர் விட வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது

கெடுவை நீட்டிக்கும் அதிகாரம் சட்டத்தின் 37, 39-ஆம் பிரிவுகளிலேயே இருக்கிறது. தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய 128-ஆம் பிரிவு இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: தளம் முடங்கினால் கெடு தானாகவே நீளும் என்ற விதி. இப்போது நாடெங்கும் கூக்குரல் எழுந்து, ஆணை வரும்வரை வியாபாரி கடையை விட்டுவிட்டுக் கணினி முன் காத்துக் கிடக்கிறார். 2025 ஜனவரியில் ஆணை வந்தது 10-ஆம் தேதி, கெடுவோ 11.

தளம் எந்த நேரத்தில் எவ்வளவு நேரம் திணறியது என்பது அதை நடத்துபவர்களின் பதிவேட்டிலேயே இருக்கும். அதை அன்றன்றே வெளியிட வேண்டும். கெடுவுக்கு முந்தைய இரண்டு நாட்களில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தளம் முடங்கினால், கேட்காமலே கெடு நீள வேண்டும். மொத்த வியாபாரியின் கெடு நீளும்போது, அதற்கேற்ப வாங்கியவரின் 2பி தேதியும் நகர வேண்டும்.

இது முடியாத காரியம் அல்ல. இ-வே பில்லுக்கு ஒரு தளம் நின்றால் மற்றொன்றில் எடுக்கும்படி 2025 ஜூலை 1 முதல் இரண்டாவது தளம் வந்திருக்கிறது. லாரி சாலையில் நிற்கக் கூடாது என்று யோசித்தவர்கள், கடைக்காரரின் கணக்கும் நிற்கக் கூடாது என்று யோசிக்கலாம் அல்லவா?

வணிகப் பெருமக்கள் ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள புகார் எண்களையும் படங்களையும் மாதாமாதம் சங்கத்தில் சேர்ப்பிக்குமாறு வேண்டுகிறோம். தனியாக ஒருவர் சொன்னால் அது புலம்பலாகப் போகும். நூறு பேரின் எண்களோடு கோரிக்கை மனு போனால், அதிகாரிகள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.