பாதிச் சூளையில் எடுத்த பொம்மைகள் – நம் ராலி வீரர்களும் வெளிநாட்டுப் போட்டிகளும்

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட் பக்கம் வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள். மண் எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும், அச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும், சூளையில் முழு நேரம் வெந்தால்தான் அது பொம்மை. பாதியில் வெளியே எடுத்தால் வெறும் காய்ந்த மண். ஃப்யூஸ் கேரியர் ஆனாலும் கொலு பொம்மை ஆனாலும் இதே விதிதான்.

இந்தக் கட்டுரை பொம்மையைப் பற்றி அல்ல, கார் ராலியைப் பற்றி. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும் :)

உலகின் பெரிய கார் சந்தைகளில் இந்தியாவும் ஒன்று. மேடு, பள்ளம், மண் ரோடு எதற்கும் இங்கே குறைவில்லை. ஆனாலும் உலக ராலி சாம்பியன்ஷிப்பின் உச்சப் பிரிவில் நிரந்தர இடம் பிடித்த இந்தியர் என்று இதுவரை ஒருவர்கூட இல்லை. ஏன் என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். ஒன்று, நம் ஆட்களுக்கு அவ்வளவு திறமை இல்லை. இரண்டு, நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை. இரண்டும் தப்பு என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

அதற்கு முன், ராலி பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம். இது ஃபார்முலா ஒன் மாதிரி எல்லாக் கார்களும் ஒரே வட்டத்தில் சுற்றும் பந்தயம் இல்லை. காட்டு ரோடு, மலை ரோடு என்று பொது வழியை அடைத்துவிட்டு, கார்களை ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். கடிகாரத்தோடுதான் போட்டி. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை, அதற்குப் பிறகு என்ன என்று படித்துக்கொண்டே வருவார். அந்தக் குறிப்புக்குப் பெயர் பேஸ் நோட்ஸ். ஓட்டுபவர் பாதி நேரம் கண்ணால் ஓட்டுவதில்லை, காதால் ஓட்டுகிறார்.

இப்போது திறமை விஷயத்துக்கு வருவோம்.

2013இல் கௌரவ் கில் ஆசிய பசிபிக் ராலி சாம்பியன்ஷிப்பை வென்றார். அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். எம்ஆர்எஃப் அணிக்காக ஸ்கோடா ஃபாபியா காரில் ஓடினார். அதே அணியில், அதே ரகக் காரில் அந்த வருடம் ஓடியவர் ஃபின்லாந்து இளைஞர் எசபெக்கா லாப்பி. பட்டம் கில்லுக்கு.

அதற்குப் பிறகு இருவருக்கும் என்ன ஆனது? லாப்பி 2014இல் ஐரோப்பிய சாம்பியன். 2016இல் உலகப் போட்டியின் இரண்டாம் பிரிவான டபிள்யூஆர்சி-2இல் சாம்பியன். 2017இல் டொயோட்டா காரில் ஃபின்லாந்து ராலியையே வென்றார். நான்கே வருடத்தில் மூன்று படி. கில்லும் சும்மா இருக்கவில்லை. 2016, 2017 இரண்டு வருடமும் ஆசிய பசிபிக் பட்டத்தை மறுபடி வென்றார். ஆனால் டபிள்யூஆர்சி-2இல் உட்காரும் வாய்ப்பு அவருக்கு 2018இல்தான் வந்தது. அதுவும் முழு சீசன் இல்லை, துருக்கி தொடங்கி சில சுற்றுகள். அப்போது அவருக்கு வயது 36.

லாப்பி மட்டும் இல்லை. 2014இல் அதே எம்ஆர்எஃப் அணிக்காக ஓடிய யான் கொபெட்ஸ்கி 2018இல் டபிள்யூஆர்சி-2 சாம்பியன் ஆனார். 2015இல் ஓடிய பொன்டஸ் டிடேமண்ட் 2017இல் அதே பட்டத்தை வாங்கினார். ஒரே அணியின் காரில் ஓடிய மூன்று ஐரோப்பியர்களும் மேலே போனார்கள். அவர்களுக்குச் சமமாக ஓடிய இந்தியர் அதே படியில் நின்றார். இதைத் திறமைக் குறைவு என்று எப்படிச் சொல்வது?

"சில சுற்றுகள் கிடைத்ததே, அதில் ஜெயித்திருக்கலாமே?" என்று ஒரு கேள்வி வரும். பேஸ் நோட்ஸ் எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்தால் அந்தக் கேள்வி வராது. போட்டிக்கு முன் ஒவ்வொரு ஸ்டேஜையும் மெதுவான வேகத்தில் இரண்டு முறைதான் பார்க்கலாம் என்பது விதி. அந்த இரண்டு முறைக்குள் நூற்றுக்கணக்கான வளைவுகளை எழுதி முடிக்க வேண்டும். ஆனால் ராலிகள் வருடா வருடம் பெரும்பாலும் அதே வட்டாரத்தில், பல ஸ்டேஜ்கள் அதே ரோட்டில்தான் நடக்கின்றன. ஐந்தாவது முறை வருபவரிடம் பழைய நோட்டும் வீடியோவும் இருக்கும். எந்த வளைவில் மழை பெய்தால் வழுக்கும் என்ற ஞாபகமும் இருக்கும். முதல் முறை வருபவரிடம் தைரியம் மட்டும்தான் இருக்கும். நம் ஆட்கள் எப்போதும் முதல் முறை வருபவராகவே போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு வருடம் போவார், அடுத்த வருடம் ஸ்பான்சர் இருக்க மாட்டார். மூன்று வருடம் கழித்து வேறொருவர் வேறொரு காரில் மறுபடி முதலிலிருந்து. இதுதான் பாதிச் சூளை.

முழுச் சூளை எப்படி இருக்கும் என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். தகமோடோ கட்சுடா என்ற இளைஞரை டொயோட்டா 2015இல் தேர்ந்தெடுத்தது. ஃபின்லாந்துக்கு அனுப்பி, பனியிலும் மண்ணிலும் வருடக்கணக்கில் ஓட விட்டது. 2018இல் சுவீடனில் டபிள்யூஆர்சி-2 பிரிவில் ஜெயித்தார். 2021இல் கென்யாவின் சஃபாரி ராலியில் ஒட்டுமொத்தமாக இரண்டாம் இடம். நடுவில் எத்தனையோ முறை காரை மோதியிருக்கிறார். ஆனால் மோதியதும் யாரும் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடவில்லை.

ஜப்பான் பணக்கார நாடு, அங்கே முடியும் என்பீர்கள். சரி, நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம். கேரளாவின் ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா. பைக் ஓட்டுபவர். ஓசூரில் இருக்கும் டிவிஎஸ், பிரான்சின் ஷெர்கோ கம்பெனியோடு சேர்ந்து 2015இல் டக்கார் ராலிக்கு அணி அனுப்பத் தொடங்கியது. ஹரித் 2020இல் முதல் முறை டக்கார் போனார். 2021இல் 20ஆம் இடம். இடையில் போட்டியை முடிக்க முடியாத வருடமும் உண்டு. மறுபடி அனுப்பினார்கள். 2024இல் ராலி-2 பிரிவில் முதலிடம், ஒட்டுமொத்தத்தில் 11ஆம் இடம். 2015இல் சி.எஸ். சந்தோஷ் டக்காரை முடித்த முதல் இந்தியர் ஆனபோது முடித்ததே சாதனையாக இருந்தது. ஒன்பது வருடத்தில் அது பிரிவு வெற்றியாக மாறியது. இந்தியர் என்பதாலா ஜெயித்தார்? இல்லை, தொடர்ந்து ஓட விட்டதால் ஜெயித்தார்.

அடுத்து பணம். காமர்ஸ் படிக்கிறவர்கள் இதை உணர்ச்சிவசப்படாமல் பார்க்க வேண்டும். ராலிக்குப் போடும் பணம் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. திருவொற்றியூரில் பலூன் செய்யும் சின்ன இடமாகத் தொடங்கிய எம்ஆர்எஃப், 2022இல் ஐரோப்பிய ராலி சாம்பியன்ஷிப்பையே வென்றது. ஓட்டியவர் ஸ்பெயினின் எஃப்ரேன் யரேனா. சென்னை டயர், ஸ்பெயின் டிரைவர்! இதற்காக எம்ஆர்எஃப்பைத் திட்டுவது நியாயம் இல்லை. கில் ஆசிய பட்டங்களை வென்றதும் அவர்கள் அணியில்தான். ஐரோப்பாவில் டயர் விற்க நினைக்கிற கம்பெனி, ஐரோப்பிய ரோடுகள் தெரிந்த டிரைவரை எடுப்பது சரியான வியாபார முடிவு. அந்த டிரைவர் இந்தியராக இருக்க வேண்டுமானால், ஐரோப்பிய ரோடு தெரிந்த இந்தியர் ஒருவர் முதலில் உருவாகியிருக்க வேண்டும். அந்தச் செலவை ஒரே கம்பெனி தலையில் கட்ட முடியாது.

செலவும் சின்னது இல்லை. 2013இல் ஆர்-5 ரகக் கார்கள் வந்தபோது, காரின் விலை 1,80,000 யூரோவைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அதாவது செலவைக் *குறைப்பதற்கு* வைத்த வரம்பே நம் கணக்கில் ஒன்றரைக் கோடிக்கு மேல். டயர், உதிரி பாகம், மெக்கானிக், விமான டிக்கெட் எல்லாம் தனி.

"சிஎஸ்ஆர் பணத்தில் செய்யலாமே" என்று சிலர் சொல்வதுண்டு. 2013ஆம் வருட கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, அதில் சொல்லியிருக்கும் அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் கடந்த மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதன் ஏழாவது அட்டவணையில், தேசிய அளவில் அங்கீகாரம் பெற்ற விளையாட்டுகளுக்கான *பயிற்சி* இருக்கிறது. ஆனால் 2021இல் திருத்திய விதியின்படி, விளம்பர லாபத்துக்காகக் கொடுக்கும் ஸ்பான்சர் பணம் சிஎஸ்ஆரில் சேராது. ஆகவே கார் மேல் பெயர் ஒட்டிக்கொண்டு அதைச் சமூக சேவை என்று கணக்கு எழுத முடியாது. எழுதவும் கூடாது. பயிற்சிப் பள்ளி என்றால் வழி இருக்கிறது. பையன்களையும் பெண்களையும் தேர்ந்தெடுத்து நான்கைந்து வருடம் ஓட விடும் திட்டம் ஒன்று இருந்தால், அப்பாவிடம் பணம் இருக்கிறவர்கள் மட்டும் ஆடும் விளையாட்டு என்ற பெயரும் கொஞ்சம் மாறும்.

அரசாங்கம் என்ன செய்தது? 2019இல் கில்லுக்கு அர்ஜுனா விருது கொடுத்தது. மோட்டார் பந்தயத்துக்குக் கிடைத்த முதல் அர்ஜுனா. நல்ல விஷயம்தான். ஆனால் விருது என்பது வெந்து வந்த பொம்மைக்கு அடிக்கும் வர்ணம். சூளைக்கு விறகு யார் போடுவது?

விறகு முழுவதும் வெளிநாட்டில்தான் இருக்கிறது என்பதும் இல்லை. விருத்தாசலத்துக்கு விருத்தகாசி என்றும் பெயர். "காசிக்கு வீசம் அதிகம்" என்று இந்த ஊரைப் பற்றிச் சொல்வார்கள். காசிக்குப் போக முடியாதவனுக்கு அந்தப் புண்ணியத்தைவிட ஒரு வீசம் கூடவே இங்கே உண்டு என்று அர்த்தம். ராலியில் அப்படி ஒரு விருத்தகாசியை உருவாக்கிய நாடு கென்யா. 1953இல் தொடங்கிய சஃபாரி ராலி, உலகத்தின் பெரிய அணிகளைக் கென்யாவுக்கு வர வைத்தது. உள்ளூர்க்காரர்கள் எங்கேயும் போகாமல் உலகத் தரத்தோடு மோதினார்கள். அங்கே பிறந்து வளர்ந்த ஜோகிந்தர் சிங் 1965, 1974, 1976 என்று மூன்று முறை ஜெயித்தார். உகாண்டாவில் பிறந்து கென்யாவில் வாழ்ந்த சேகர் மேத்தா 1973இலும், 1979 முதல் 1982 வரை தொடர்ந்தும் ஐந்து முறை ஜெயித்தார். இந்திய வம்சாவளிக்காரர்கள் இரண்டு பேர், எட்டு வெற்றி. அதில் ஏழு உலக சாம்பியன்ஷிப் கணக்கில் வருபவை. ரத்தத்தில் இல்லை விஷயம், வாசலில் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது.

நம் வாசலில் நடப்பதையும் மறைக்கக் கூடாது. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் தேசிய சாம்பியன்ஷிப் சுற்று நடந்தபோது, பைக்கில் வந்த ஒரு குடும்பம் ஸ்டேஜுக்குள் வந்து, போட்டிக் கார் மோதி மூன்று பேர் இறந்தார்கள். ரோட்டை அடைப்பது, ஊர் ஊராகப் போய் முன்கூட்டியே சொல்வது, ஒவ்வொரு சந்திலும் ஆள் நிறுத்துவது எல்லாம் டிரைவரின் வேகத்தைவிட முக்கியம். இதைச் சரியாகச் செய்யாமல் உலக ராலி வேண்டும் என்று கேட்க நமக்குத் தகுதி இல்லை. செய்து காட்டினால், சென்னையைச் சுற்றி வருடக்கணக்காகத் தென்னிந்திய ராலி நடத்திய அனுபவம் உள்ள தமிழ்நாடு தாராளமாகக் கேட்கலாம்.

ஆகவே, இனிமேல் "வெளிநாட்டு ராலியில் இந்திய வீரர்" என்று செய்தி வந்தால் கைதட்டுங்கள், தப்பில்லை. கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கள்: அடுத்த வருடமும் இவர் அதே ராலிக்குப் போகிறாரா? போகிறார் என்றால் அது செய்தி. இல்லை என்றால் அது வெறும் சுற்றுலா.