ஷாம்பெயினும் மணப்பாறை முறுக்கும்: ருசியில் ஜோடி சேரும்... பெயரைக் காப்பதில்?

திருச்சி காந்தி மார்க்கெட்டில் பொருளுக்கு முன்னால் ஊர்ப் பெயர்தான் வரும். ‘ஊட்டி கேரட்டாண்ணே?’, ‘பெரம்பலூர் சின்ன வெங்காயமா?’, ‘சிறுமலைப் பழம் இருக்கா?’ என்று கேட்ட பிறகுதான் பேரமே தொடங்கும். ஊர் சரியாக இருந்தால் கூடக் கொஞ்சம் கொடுத்து வாங்கவும் ஆள் உண்டு. இதே ஊர்ப் பெயர் நம்பிக்கையைச் சட்டமாக்கி, உலகம் முழுக்க விற்கும் பிரெஞ்சு பானம்தான் ஷாம்பெயின்.

சிங்கப்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கும் உறவினர் பெட்டியில் ஒரு பாட்டில் இருக்கலாம். தொட்டுக்கொள்ள என்ன வைப்பது? திருச்சி மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது: மணப்பாறை முறுக்கு. அந்த ஜோடியில் முறுக்குக்கு ஒரு பாடமும் இருக்கிறது.

பொங்குவதெல்லாம் ஷாம்பெயினா?

இல்லை. பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில் விளைந்த திராட்சையில், அங்கேயே தயாரானால் மட்டும்தான் அந்தப் பெயர். பினோ நுவார், முனியே, ஷார்டனே ஆகிய 3 ரகங்கள்தான் முக்கியம். தயாரான ஒயினோடு ஈஸ்ட்டும் சர்க்கரையும் சேர்த்து பாட்டிலை மூடிவிடுவார்கள். உள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கும். வெளியே போக வழியில்லாத கரியமில வாயுதான் குமிழியாகிறது. குறைந்தது 15 மாதம் கழித்துத்தான் விற்பனைக்கு வரும்.

பிரான்ஸின் வேறு பகுதிகளில் இதே முறையில் செய்தால் அது ‘கிரெமோன்’. ஷாம்பெயின் தயாரிக்கும் மொயட் ஹென்னெஸி நிறுவனமே நாசிக்கில் செய்து விற்கும் ‘ஷாண்டன்’ பாட்டிலில்கூட ‘ஸ்பார்க்ளிங் ஒயின்’ என்றுதான் போட முடியும்.

முறுக்கோடு ஏன் ஒத்துப்போகிறது?

ஷாம்பெயினில் புளிப்பு அதிகம். எண்ணெயில் பொரித்த பண்டம் நாக்கில் விட்டுச் செல்லும் பிசுக்கை அந்தப் புளிப்பும் குமிழியும் சேர்ந்து துடைத்துவிடும். உப்பு, புளிப்பின் முரட்டுத்தனத்தைக் குறைக்கும். அதனால்தான் மேல்நாட்டு ஒயின் நிபுணர்களே சிப்ஸ், வறுத்த கோழியோடு குடிக்கச் சொல்கிறார்கள். உப்பும் மொறுமொறுப்பும் உள்ள முறுக்கு இந்தக் கணக்கில் கச்சிதம். மெதுவடை, மீன் வறுவலும் ஓகே.

லேபிளில் மட்டும் கவனம் தேவை. ‘ப்ரூட்’ என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே சர்க்கரை. ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்பது கேட்க வறட்சியாக இருந்தாலும் ப்ரூட்டைவிட இனிப்பு, 12 முதல் 17 கிராம் வரை. ‘டெமி செக்’ 32 முதல் 50 கிராம் வரை. காரம் தூக்கலான சுக்காவுக்கு ப்ரூட் வேண்டாம். குமிழியும் ஆல்கஹாலும் எரிச்சலைக் கூட்டிவிடும், கொஞ்சம் இனிப்பானதே நல்லது. ஜாங்கிரியோடு ப்ரூட் குடித்தால் வெறும் புளிப்புதான் மிஞ்சும்.

மது உடல்நலத்துக்குக் கேடு என்பது பாட்டில் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் மாறாது. குடிக்காதவர்கள் பிரியாணிக்குப் பிறகு கோலி சோடா கேட்பதிலும் பாதி இதே அறிவியல்தான்.

பெயர் சும்மா கிடைத்ததா?

1911-ல் ஷாம்பெயின் பகுதி திராட்சை விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். சில தயாரிப்பாளர்கள் வெளியூர்த் திராட்சையை மலிவாக வாங்கி அதையும் ஷாம்பெயின் என்று விற்றது முக்கியக் காரணம். நிலவறைகள் சூறையாடப்பட்டன, ராணுவம் இறங்கியது. 1927-ல் பகுதியின் எல்லை சட்டமானது. 1936-ல் பெயருக்கு முழு அங்கீகாரம் வந்தது. 1941-ல் விவசாயிகளும் நிறுவனங்களும் சேர்ந்து ஒரே கமிட்டி அமைத்தார்கள்.

அதன்பிறகு விட்டுக்கொடுப்பதே இல்லை. 1993-ல் ‘ஷாம்பெயின்’ என்ற பெயரில் சென்ட் கொண்டுவந்த ஈவ் செயின்ட் லாரன், வழக்கில் தோற்றுப் பெயரை மாற்றியது. சுவிட்சர்லாந்தில் ஷாம்பெயின் என்றே ஒரு கிராமம் உண்டு. 2004 முதல் அந்த ஊர்க்காரர்கள்கூட தங்கள் ஊர்ப் பெயரை ஒயினுக்கு வைக்கத் தடை வந்தது. இது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் பெயரைக் காப்பது என்றால் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி.

முறுக்கு எங்கே நிற்கிறது?

மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டு முறை பொரிக்கும் பக்குவமும், அந்த ஊர்த் தண்ணீரும்தான் தனி ருசிக்குக் காரணம் என்கிறார்கள் செய்பவர்கள். குறியீடு கிடைத்தபோது எல்லோரும் கொண்டாடினோம். பிறகு? எந்த ஊரில் சுட்ட முறுக்காக இருந்தாலும் பாக்கெட்டில் ‘மணப்பாறை’ என்று அச்சடிக்க இன்றும் யாரும் பெரிதாகத் தயங்குவதில்லை. இழப்பு, அடுப்படி வெக்கையில் மாவு பிழியும் கைகளுக்கு.

சட்டம் பலவீனமானது இல்லை. புவிசார் குறியீட்டைப் போலியாகப் பயன்படுத்தினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் புகார் கொடுக்க ஆள் வேண்டுமே! பிரான்ஸில் அந்த வேலையைக் கமிட்டி செய்கிறது. இங்கே குறியீடு வாங்குவதோடு கதை முடிந்துவிடுகிறது.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, முறுக்கு செய்பவர்கள் ஒவ்வொருவரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ ஆகப் பதிவு செய்ய வேண்டும். இதற்கான விண்ணப்பக் கட்டணம் 2020 விதித் திருத்தத்தில் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பதிவு அலுவலகமும் சென்னையில்தான் இருக்கிறது. ஆனாலும் வீட்டில் முறுக்கு சுடும் ஒருவருக்குப் படிவமும் ஆவணமும் மலைப்பாகத்தான் இருக்கும். மாவட்ட நிர்வாகம் மணப்பாறையிலேயே முகாம் போட்டால் அந்த மலைப்பு தீரும்.

அடுத்தது, பாக்கெட்டில் 2018-ல் அறிமுகமான புவிசார் குறியீட்டு லோகோ. அதைத் தேடிப் பார்த்து வாங்குவது நம் பொறுப்பு. கேரட்டுக்கு ஊர் விசாரிப்பவர்கள், முறுக்குக்கும் ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவோம்?