ஆந்தைக்குப் பெட்டி; மருந்தடிக்கிற அக்காவுக்கு?

செம்பனையில் எலியைப் பிடிக்க இப்போது கம்பம் நட்டு ஆந்தைக்குப் பெட்டி வைக்கிறார்கள். வெட்டிய மட்டையைக் கொளுத்தாமல் வரிசைக்கு நடுவே அடுக்குகிறார்கள். மறுநடவில் பழைய மரத்தை எரிக்காமல் துண்டாக்கி மண்ணிலேயே மட்கவிடுகிறார்கள். இந்த முறைக்காக கோல்டன் ஹோப் நிறுவனம் 1992-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் குளோபல் 500 விருது வாங்கியது. விருது துரைமாருக்கு. மட்டையை அடுக்கியது யார் கை என்பது நமக்குத் தெரியாதா?

எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. நூறு ஏக்கருக்கு உட்பட்ட சிறுதோட்டக்காரர்களுக்குத் தணிக்கைச் செலவை அரசாங்கமே ஏற்றது. செம்பனை வாரியத்தின் துனாஸ் அதிகாரிகள் தோட்டத்துக்கே வந்து யோசனை சொல்கிறார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். பொந்தியான், பத்து பகாட் பக்கத்துக் கரிச்சதுப்பு நிலத்தில் இந்த உதவி இன்னும் கூடுதலாகத் தேவை. அங்கே வடிகாலை ஆழமாக வெட்டினால் மண் காய்ந்து அமுங்கும், தீப்பிடித்தால் லேசில் அணையாது. தண்ணீரைத் தேக்கி மட்டத்தைக் காப்பது தனி ஒருவரால் ஆகிற வேலையா?

ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தச் சான்றிதழ் மண்ணுக்கும் மரத்துக்கும் மட்டுமானதல்ல. தொழிலாளியின் பாதுகாப்பும் வேலை நிலைமையும் அதில் அடக்கம். பாராகுவாட் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பெண்கள் அதைச் சுமந்து அடித்து மூக்கில் ரத்தமும் நகத்தில் புண்ணுமாய்ப் பட்ட பாடு கொஞ்சமா? 2002-இல் தெனாகானித்தா அமைப்பு மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆய்வு செய்து வெளியிட்டது. அதே ஆண்டு தடை என்றார்கள், 2006-இல் தளர்த்தினார்கள். முழுத் தடை வந்தது 2020-இல்தான். பதினெட்டு வருஷம்!

தணிக்கையாளர் வருகிற அன்று புது முகமூடி, புது கையுறை; மறுநாள் எல்லாம் ஸ்டோருக்குள் போய்விடும் என்று ஜொகூரில் குத்தகைக்காரரிடம் வேலை செய்யும் ஓர் அக்கா நம்மிடம் சொன்னார். "எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லு" என்று மண்டோர் பக்கத்திலேயே நின்றாராம். பாவம், அவர் வேறென்ன சொல்லுவார்?

தணிக்கைக்குப் பணம் கொடுப்பது அரசாங்கம். ஆகவே கேட்கிறோம்: தொழிலாளியை மண்டோர் இல்லாத இடத்தில், தமிழில் விசாரியுங்கள். அங்கே வங்காளதேசத்துத் தம்பி இருந்தால் அவர் மொழியில் கேளுங்கள். மானியம் பெறுகிற தோட்டத்தில் மருந்தடிக்கிறவருக்கு முகமூடியும் கையுறையும் சொந்தமாகக் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். உரத்துக்கும் கன்றுக்கும் ரசீது கேட்கிறவர்களுக்கு இது பெரிய வேலையா என்ன?