பாசியில டீசல்: டெமோ ஓகே, டெலிவரி எப்போ?

பாசியில இருந்து டீசல் எடுக்கறது ஒண்ணும் கப்ஸா இல்லைங்க. நுண்பாசி தன் உடம்புல கொழுப்பைச் சேர்த்து வைக்குது. அந்த எண்ணெயை மெத்தனாலோட ஒரு வினையூக்கி போட்டுச் சூடாக்கினா பயோடீசலும் கிளிசரினும் தனித்தனியா வந்துடும். காலேஜ் லேப்லயே செஞ்சு காட்டலாம். நம்ம சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, டெமோ சூப்பரா ஓடும். புரொடக்‌ஷன்லதான் படுத்துடும்.

ஏன்னு ஒரு சின்ன கணக்கு. திறந்தவெளித் தொட்டியில லிட்டருக்கு சுமார் அரை கிராம் பாசி (காய்ஞ்ச எடை) தேறும். அதுல 30 சதவீதம் எண்ணெய்னு வெச்சுக்குவோம். அப்போ ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 6000 லிட்டர் தண்ணியை வடிகட்டணும். அரை டேங்கர் லாரி! வடிகட்டி, சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி, காய வெச்சு... கிடைக்கற எரிசக்தியில பெரும்பங்கு அங்கயே காலி. சரி, கொழுப்பாவது ஏறட்டும்னு நைட்ரஜனைக் குறைச்சுப் பட்டினி போட்டா, பாசி வளர்றதையே நிறுத்திக்குது. (அப்ரைசல் இல்லாத டீம் மாதிரி :-) )

இது புதுசாத் தெரிஞ்ச விஷயமும் இல்ல. அமெரிக்க எரிசக்தித் துறை 1978ல ஆரம்பிச்சு 1996ல இழுத்து மூடின ஆராய்ச்சித் திட்டத்துக்கு சுமார் 2.5 கோடி டாலர் செலவு. நியூ மெக்சிகோ ராஸ்வெல்ல தொட்டி கட்டிப் பார்த்தாங்க. ராத்திரிக் குளிர்லயே விளைச்சல் அடி வாங்குச்சு. அப்புறம் 2009ல எக்ஸான்மொபில், கிரெய்க் வென்டரோட கம்பெனியோட சேர்ந்து 60 கோடி டாலர் வரைக்கும் போடறோம்னு அறிவிச்சாங்க. 2017ல மரபணுவைத் திருத்தி, எண்ணெயை 20 சதவீதத்துல இருந்து 40க்கு மேல ஏத்தினதா சொன்னாங்க. டிவி விளம்பரம் வேற. 2023ல பாசியைக் கைவிட்டது தெரிய வந்துச்சு. என் கோவம் அந்த விளம்பரங்க மேலதான். "இதோ வந்துடும்"னு பச்சைக் கலர்ல காட்டிக்கிட்டே, கச்சா எண்ணெய் வியாபாரம் பாட்டுக்கு ஓடிச்சு.

அப்போ பாசி வேஸ்டா? காய வைக்கறதை விட்டுட்டா கதை கொஞ்சம் மாறுது. ஈரப் பாசியை அப்படியே 350 டிகிரியில, 200 மடங்கு காற்றழுத்தத்துல அவிச்சா, ஒரு மணி நேரத்துக்குள்ள கச்சா எண்ணெய் மாதிரி ஒண்ணு வரும். அமெரிக்காவோட பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் 2013ல இதை நிறுத்தாம ஓட்டியே காட்டினாங்க. பிரஷர் குக்கர்தான், என்ன, முரட்டு குக்கர். இதுக்குக் கொழுப்புப் பாசிதான் வேணும்னு இல்ல, சாக்கடைக் கசடையும் போடலாம். கசடை எப்படியும் யாரோ காசு கொடுத்து அள்ளித்தான் ஆகணும்.

என்னைக் கேட்டா, பாசி முதல்ல கழிவுநீரைச் சுத்தம் பண்ற வேலையைப் பார்க்கட்டும். எண்ணெய் உபரி வருமானமா வரட்டும். அந்த எண்ணெயிலயும் நைட்ரஜன் ஜாஸ்தி. ஹைட்ரஜன் ஏத்திச் சுத்தம் பண்ணாம வண்டிக்கு ஊத்த முடியாது. அந்தச் செலவு தனி.