பண்ருட்டிப் பலாவும் பட்ட மேற்படிப்பும்

புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் வகுக்கும் தொல்காப்பிய மரபியல், பனையையும் தென்னையையும் பலாவிலிருந்து விலக்கி நிறுத்தும் அந்தப் பாகுபாட்டை, தண்டை வெட்டிப் பார்த்த கைகளின் பட்டறிவிலிருந்தே பெற்றிருக்க வேண்டும். மரத்தின் உள்ளமைப்பு, ஈரம், வலிமை, உலர்த்தும் முறை, பதப்படுத்தல் ஆகியவற்றை ஆராயும் மர அறிவியல், பட்ட மேற்படிப்பு நிலையில் அந்தக் கைகளுக்கு எவ்வளவு இடம் தருகிறது என்பது கேட்கத்தக்க கேள்வி.

டேராடூனில் 1906இல் தொடங்கிய வன ஆராய்ச்சி நிறுவனமும், பெங்களூரில் 1938இல் ஆய்வகமாகத் தோன்றி 1988இல் தனி நிறுவனமாக உயர்ந்த மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் இத்துறைக்கு இந்தியாவில் தாய்வீடுகள். எனினும் உயர்கல்வியின் பொதுவான வழக்கம் பாடத்தை முன்னும் செய்முறையைப் பின்னும் வைப்பதே. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தன் மருத்துவ மாணவர்களைக் கொண்டு இந்த வரிசையைத் தலைகீழாக்கி, நோயாளியின் சிக்கலை முதலில் கொடுத்து, அதைத் தீர்க்கத் தேவையான பாடத்தை அவர்களே தேடிச் சென்றடையுமாறு செய்தது. சிக்கல்வழிக் கற்றல் எனப்படும் இம்முறையை மர அறிவியலுக்குக் கொண்டுவந்தால், அங்கே நோயாளி வெடித்துப்போன ஒரு மரக்கட்டை.

அத்தகைய நோயாளிகளுக்குக் கடலூர் மாவட்டத்தில் பஞ்சமில்லை. பெண்ணாடத்துத் தூங்கானைமாடம் போன்ற, துயிலும் யானையின் முதுகையொத்த விமானங்கள் பழைய மரக்கூரைகளின் வடிவைக் கல்லிலும் செங்கல்லிலும் நினைவில் வைத்திருப்பவை என்பர் கட்டடக்கலை ஆய்வாளர். சிதம்பரம் சிற்றம்பலத்திலோ பொன் வேய்ந்த கூரையை இன்றும் மரமே தாங்குகிறது. ஆயினும் ஒரு மாணவர் முதலில் போக வேண்டிய இடம் பண்ருட்டி.

தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பெயர்பெற்றது பண்ருட்டிப் பலாமரம். 2011 டிசம்பர் 30 அன்று கரைகடந்த தானே புயல் இம்மாவட்டத்தின் பலாவையும் முந்திரியையும் பெருமளவில் சாய்த்தது. விழுந்த பலாவை எப்படிக் காப்பது என்ற ஒற்றைக் கேள்வியே ஒரு பருவத்துப் பாடமாகும். பச்சை மரத்தில் செல்லின் குழியில் நிற்கும் நீர் போகும்போது மரம் சுருங்குவதில்லை. உலர் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே ஈரம் இறங்கி, செல்சுவரில் பிணைந்த நீர் வெளியேறத் தொடங்கிய பின்னரே சுருக்கம் வரும். அதுவும் எல்லாத் திசையிலும் சமமாக வராமல், தண்டின் சுற்றுவட்டத் திசையில், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையைப்போல் ஏறக்குறைய இருமடங்காக இருப்பதால், முழு உருளைக்கட்டை தன்னைத்தானே இழுத்துக்கொண்டு பட்டையிலிருந்து நெஞ்சுவரை பிளக்கிறது. ஒரே கட்டையில் குடையப்படும் ஏகாண்ட வீணைக்கு இது பேரிடர். பச்சையிலேயே குடைந்து ஆறவிடுவதா, முழுதாக உலரவிட்டுக் குடைவதா என்பதில் ஆசாரியின் சொல்லைக் கருதுகோளாக எடுத்துக்கொண்டு, இரு வகைக் கட்டைகளையும் வாரந்தோறும் நிறுத்து, சிறு துண்டுகளை 103 பாகை செல்சியசில் எடை மாறாதவரை காயவைத்து ஈரத்தைக் கணக்கிடும் மாணவர், சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிராது.

சவுக்கு உலரும்போது ஏன் முறுக்கி வெடிக்கிறது, நரசிங்கன்பேட்டை நாகசுரத்துக்குப் பழைய வீடுகளின் ஆச்சா மரத்தை ஏன் தேடுகிறார்கள் என்பனவும் இவ்வகைக் கேள்விகளே.

இம்முறையில் ஏமாற்றத்துக்கும் இடமுண்டு. மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்து நாளங்களை அடையாளம் காணத் தெரியாதவரைப் பட்டறைக்கு அனுப்பினால் கிடைப்பது சுற்றுலாவும் சில புகைப்படங்களுமே. ஆகவே விரிவுரை ஒழிய வேண்டியதில்லை, கேள்வி பிறந்த பின் வந்தால் போதும். கற்றுத்தரும் ஆசாரிக்கு, விருந்தினருக்குப் போர்த்தும் பொன்னாடையோடு நில்லாமல், ஆசிரியருக்குரிய ஊதியம் வேண்டும். இவை இரண்டையும்விடக் கடினமானது மதிப்பீடு: ஆறு மாதம் எடைக் குறிப்பு எழுதிய பின்னும் கட்டை வெடித்துவிட்டது என்று சொல்லும் ஆய்வேட்டுக்கு, அது எந்த வாரத்தில், எந்த ஈரத்தில், எந்தத் திசையில் வெடித்தது என்று காட்டியிருந்தால், முழு மதிப்பெண் தரத் தேர்வாளர் முன்வர வேண்டும்.