ரீல் வாங்குவதற்கு முன் ஒரு மைதானம் பாருங்கள்



போன வாரம் நான் குளக்கரையில் ராடும் ரீலுமாக நிற்கிற படத்தை என் பேத்தி போட்டாலும் போட்டாள், போனுக்கு ஓய்வே இல்லை. "சார், நீங்களா மீன் பிடிக்கிறீங்க?" என்று கேட்டவர்கள் பாதிப் பேர். என்ன ரீல், என்ன விலை, எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டவர்கள் மீதிப் பேர். துபாயில் இருக்கும் என் தங்கை மகன், எட்டாவது படிக்கிற பையனுக்குப் பிறந்தநாள் பரிசு என்று ஒரு ரீலின் படத்தை அனுப்பி, "மாமா, இது நல்லதா?" என்றான். விலையைப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பீரோவே அந்த விலைக்குக் குறைவாகத்தான் வாங்கினோம்.

தனித்தனியாகப் பதில் எழுத விரல் வலிக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் பொறுத்துக்கொண்டவர்கள் இங்கேயும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயிட்காஸ்டிங் ரீல் வாங்குகிறவர், இரண்டு வாரமாவது தரையில் எறிந்து பழகாமல் தண்ணீர்ப் பக்கம் போகவே கூடாது. அந்த இரண்டு வாரத்துக்கு எந்த ரீல் ஏற்றதோ அதுதான் முதல் ரீல். இதைச் சும்மா சொல்லவில்லை. நான் செய்த தப்பு ஒன்று இதில் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கடைகளில் பொதுவாக இரண்டு வகை ரீல் பார்ப்பீர்கள். ஸ்பின்னிங் ரீல் ராடுக்குக் கீழே தொங்கும். எறியும்போது அதில் நரம்பு சுற்றிய ஸ்பூல் அசையாது. நரம்பு மட்டும் வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும். பெயிட்காஸ்டர் ராடுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். எறியும்போது ஸ்பூலே சுற்றும். வில்லங்கம் அங்கேதான். லூர் காற்றில் போகப் போக வேகம் குறைகிறது. ஸ்பூலுக்கு அது தெரியாது, தொடங்கிய வேகத்திலேயே சுற்றி நரம்பை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். தள்ளிய நரம்புக்குப் போக இடமில்லை. ஸ்பூலுக்குள்ளேயே சுருண்டு பெரிய சிக்காகிவிடும். பையன்கள் இதைப் பேக்லாஷ் என்கிறார்கள், குருவிக்கூடு என்றும் சொல்கிறார்கள். பார்த்தால் நிஜமாகவே தூக்கணாங்குருவிக் கூட்டைப் பிய்த்துப் போட்ட மாதிரிதான் இருக்கும்.

பிறகு ஏன் அதை வாங்க வேண்டும் என்று கேட்பீர்கள். அல்லியும் ஆகாயத்தாமரையும் மண்டிய குளத்தில் விராலுக்கு ரப்பர் தவளை எறிய வேண்டுமென்றால் கனமான நரம்பு வேண்டும், இழுக்கப் பலம் வேண்டும், குறி தப்பாமல் இரண்டு இலைக்கு நடுவே போட வேண்டும். இதற்கு அந்த ரீல்தான் தோது. கட்டைவிரல் ஸ்பூலின் மேலேயே இருப்பதால் லூரை நினைத்த இடத்தில் நிறுத்தலாம். கை பழகிவிட்டால் அந்தச் சுகமே தனி.

எனக்கு இதைப் பழக்கியவன் என் மாணவன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். இப்போது சொந்தமாக பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். ஓய்வு பெற்ற அடுத்த வருடம் என் வண்டியை விட்டுவிட்டு அவன் கடையில் உட்கார்ந்திருந்தபோது, சுவரில் சாய்த்து வைத்திருந்த ராடைப் பார்த்து ஆசை வந்தது. ஆன்லைனில் ஒரு ரீலை வரவழைத்தேன். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். வந்த மறுநாள் காலையிலேயே, அவனிடம்கூடச் சொல்லாமல், தனியாகக் குளத்துக்குப் போனேன். வாத்தியார் அல்லவா, படித்தே புரிந்துகொள்ளலாம் என்ற திமிர்.

அன்று காலை 11 முறை சிக்கு விழுந்தது. முதல் மூன்றைப் பொறுமையாகப் பிரித்தேன். அதற்கப்புறம் பிளேடை எடுத்து அறுத்து அறுத்துக் கருவேல மரத்தடியில் போட்டுவிட்டு, கடைசியில் ஸ்பூலில் நரம்பு தீர்ந்து வீட்டுக்கு வந்தேன். பச்சை நிற நைலான் நரம்பு.

மூன்று வாரம் கழித்து நானும் அவனும் சேர்ந்து போனோம். மதகுப் பக்கம் ஒரு மடையான் கொக்கு ஒற்றைக் காலில் துடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு காலைச் சுற்றி நரம்பு. நரம்பின் மறுமுனை ஒரு முள்ளில் சிக்கியிருந்தது. பச்சை நிறம். அவன் துண்டைப் போட்டு அதைப் பிடித்து, நரம்பைப் பொறுமையாக அறுத்தெடுத்தான். ஒரு விரல் கறுத்துப் போயிருந்தது. விட்டதும் தாழப் பறந்து எதிர்க்கரைக்குப் போயிற்று. பிழைத்ததோ என்னவோ. மடையான் என்பது அந்தப் பறவையின் பெயர். அன்றைக்கு அது யாருக்குப் பொருந்தியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் நரம்பைச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டான். யார் போட்டது என்று கேட்கவில்லை. நானும் அன்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன்.

நைலான் நரம்பு மக்காது. நாம் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கரையில் கிடக்கும். பழகாத கைக்குச் சிக்கு விழுவது தப்பே இல்லை, எல்லோருக்கும் விழும். ஆனால் அந்த முதல் ஐம்பது சிக்கும் தண்ணீர்க் கரையில் விழ வேண்டும் என்று என்ன கட்டாயம்? மைதானத்தில் விழுந்தால் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வரலாம். நான் இவ்வளவு எழுதுவதே இதற்காகத்தான்.

சரி, எந்த ரீல்? பெட்டியில் பத்து பேரிங், பன்னிரண்டு பேரிங் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். புதிதாகப் பழகுகிறவனுக்கு ஸ்பூல் வழுக்கிக்கொண்டு சுற்றுவது உதவி இல்லை, உபத்திரவம். ஒரு சுற்றுக்கு 6.3, 7.1 என்று கியர் விகிதம் எழுதியிருக்கும். கைப்பிடியை ஒரு தரம் சுற்றினால் ஸ்பூல் எத்தனை தரம் சுற்றும் என்ற கணக்கு அது. முதல் ரீலுக்கு எதுவானாலும் சரி. இடக்கைப் பிடியா, வலக்கைப் பிடியா என்பதை மட்டும் கடையில் கையில் பிடித்துப் பாருங்கள். வலக்கையால் எறிந்துவிட்டு இடக்கையால் சுற்றுவது எனக்கு வசதி. கையை மாற்ற வேண்டியதில்லை.

உண்மையில் பார்க்க வேண்டியது பிரேக். இரண்டு விதம் உண்டு. ஒன்றில் ஸ்பூலோடு சுற்றும் சின்னக் கட்டைகள், சுற்றும் வேகத்தில் வெளிப்பக்கம் ஒதுங்கி ஒரு வளையத்தில் உரசும். மாற்ற வேண்டுமானால் பெரும்பாலும் பக்கவாட்டு மூடியைத் திறக்க வேண்டும். மற்றது காந்தம். வெளியே ஒரு திருகு இருக்கும், 1 முதல் 10 வரை எண் போட்டு. காந்தம் எதையும் தொடாமலே அலுமினிய ஸ்பூலை எப்படி நிறுத்தும் என்று என்னிடம் எட்டாவது படித்தவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் பழைய கரண்ட் மீட்டரில் ஒரு தட்டு சுற்றுமே, நினைவிருக்கிறதா? அதுவும் அலுமினியம். அதை அடக்கி வைத்ததும் ஒரு காந்தம்தான். காந்தத்தின் அருகே உலோகம் நகரும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அந்த நகர்வையே எதிர்க்கும். வேகம் கூடினால் எதிர்ப்பும் கூடும். அதே சங்கதி உள்ளங்கை அளவு ரீலுக்குள் இருப்பதைப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். இதை வைத்து ஒரு பாடமே நடத்தியிருக்கலாம்.

பழகுகிறவருக்குக் காந்தப் பிரேக்தான் என் சிபாரிசு. மூடியைத் திறக்க வேண்டாம், வெளியே திருகினால் போதும்.

தங்கை மகன் அனுப்பிய படம் ஷிமானோவின் டி.சி. ரீல். உள்ளே ஒரு கணினிச் சில்லு இருந்து நொடிக்கு நொடி பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும். பேட்டரி கிடையாது, ஸ்பூல் சுற்றுவதிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. அபாரமான பொருள், குறை சொல்லவில்லை. ஆனால் பழகுகிற பையனுக்கு வேண்டாம். லூர் தண்ணீரைத் தொடும்போது ஸ்பூலை நிறுத்துகிற வேலை அப்போதும் கட்டைவிரலுக்குத்தான். எல்லாவற்றையும் சில்லு பார்த்துக்கொண்டால் விரல் எப்போது படிக்கும்? அந்தப் பணத்தில் பாதிக்கு ஒரு நடுத்தர ரீலும் நல்ல ராடும் வாங்கி, கூடவே பழக்கத்துக்கென்று விலை குறைந்த மோனோ நரம்பு இரண்டு சுருள் வாங்கு, மருமகனே. பின்னல் நரம்பு பிறகு பார்க்கலாம். அது விலையும் அதிகம், சிக்கினால் தனக்குள்ளேயே புதைந்துகொள்ளும்.

இந்த ரீலைச் செய்து மெருகேற்றியவர்களில் கடிகாரக்காரர்கள் உண்டு என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1800-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்ற ஊரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்பவர் இப்படி ரீல் செய்தார். அவர் தொழில் கடிகாரம். 1952-இல் அம்பாசிடர் ரீலைக் கொண்டுவந்த சுவீடனின் அபு நிறுவனமும் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியதுதான். கடிகாரம் பழுது பார்க்கிறவன் கைப் பதனம் இதற்கும் வேண்டும் போலிருக்கிறது. நான் முதல் நாள் இதைக் கடப்பாரை மாதிரி வீசினேன்.

இனி பழகுவது. மாணவன் தன் கடையிலிருந்து ஒரு நட்டை எடுத்து, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி நரம்பில் கட்டிக் கொடுத்தான். நகைக்கடைத் தராசில் 14 கிராம். கொக்கி கிடையாது. இதைவிட லேசாக, 7 கிராமுக்குக் கீழே, ஆரம்பத்தில் எறியவே கூடாது. ஸ்பூலை இழுக்க அதற்குத் தெம்பு இருக்காது. முதலில் கைப்பிடிப் பக்கம் இருக்கும் சின்னக் குமிழை இறுக்கி, பட்டையை அழுத்தி விட்டால் நட்டு தானாக மெதுவாக இறங்குகிற அளவுக்குத் தளர்த்தச் சொன்னான். நட்டு தரையைத் தொட்டதும் ஸ்பூலும் நிற்க வேண்டும். அது வரும்வரை எறியக் கூடாது. காந்தத்தை 8-இல் வைக்கச் சொன்னான். எதிரே ஆள் இல்லாத பக்கம், காற்று முதுகில் படும்படி நின்று, பத்து மீட்டர் போதும் என்று மெதுவாக வீசச் சொன்னான். கட்டைவிரல் ஸ்பூலை விட்டு விலகவே கூடாது. அழுத்தவும் கூடாது, தூங்குகிற குழந்தையின் நெற்றியில் கை வைத்த மாதிரி.

மைதானத்தில் கிரிக்கெட் ஆடிய பையன்கள், "தாத்தா எட்டுல பிரேக் வச்சு எறியுறாரு" என்று சிரித்தார்கள். பிரேக் வைத்து எறிவது கத்துக்குட்டி வேலை என்று அவர்களுக்குள் ஒரு எண்ணம். எனக்கு வெட்கமாகி 3-க்குத் திருகினேன். அடுத்த எறிதலிலேயே குருவிக்கூடு. பிடித்து இழுத்தேன். "சார், பிடுங்காதீங்க, பிடுங்கப் பிடுங்க இறுகும்" என்று வாங்கி, ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு நரம்பை இழுத்தான். பாதிக்கு மேல் தானே பிரிந்து வந்தது. இந்த ஒரு வித்தை தெரிந்திருந்தால் அன்று கருவேல மரத்தடியில் அவ்வளவு அறுத்துப் போட்டிருக்க மாட்டேன். திரும்ப 8-இல் வைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "சார், நாலு கோடு நோட்டுன்னு நினைச்சுக்கங்க. எழுத்து வந்ததும் எடுத்துறலாம்."

அவன் அஞ்சாவது வந்த பிறகும் நாலு கோடு நோட்டில்தான் எழுதினான். கையெழுத்து நிற்காது. ஒருநாள் வகுப்பின் முன்னால் அந்த நோட்டைத் தூக்கிக் காட்டி, "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை" என்று நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவனுக்கு நினைவிருந்து சொன்னானா, தற்செயலாகச் சொன்னானா, தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை. எளிதிலிருந்து கடினத்துக்குப் போ என்று ஆசிரியர் பயிற்சியில் மனப்பாடம் பண்ணி மதிப்பெண் வாங்கியவன் நான். அவன் அதைச் செய்துகாட்டினான். 8-இலிருந்து 5-க்கு வர எனக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. இப்போது 4-இல் எறிகிறேன். எதிர்க்காற்று அடித்தால் கூச்சமில்லாமல் 7-க்குப் போய்விடுவேன்.

முதலில் ஸ்பின்னிங் பழகிவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும் என்று சிலர் எழுதுவீர்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டுக்கும் விரலின் வேலை வேறு. ஆனால் பையனுக்கு வேண்டியது மண்புழு கோத்து ஜிலேபிக் கெண்டை பிடிப்பதென்றால் இந்த இரண்டுமே வேண்டாம். ஒரு மூங்கில் கம்பும் தக்கையும் போதும், மிச்சப் பணத்தில் அவனுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடு.

குளத்துக்குப் போகிற நாளில் மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். பையில் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா இருக்கட்டும், அறுத்த நரம்பைப் போட. என் டப்பாவில் இதுவரை சேர்ந்ததில் என்னுடையது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் அந்தக் கரையில் பொறுக்கியது.

ஊரில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு நம் பள்ளி மைதானத்துக்கு வரலாம். ரீல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, என்னுடையதில் எறிந்து பார்க்கலாம். டியூப் சுற்றிய நட்டு என்னிடம் நாலு இருக்கிறது.