யாருக்கு வைத்தியம்? யார் வைத்தியர்?

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயில் நினைவுக்கு வரும். அடுத்து நினைவுக்கு வருவது பீங்கான். பொம்மைகளும் ஜாடிகளும் மின்சார ஃபியூஸ் கட்டைகளும் இவ்வூர்ச் சூளைகளில் வெந்து வெளியூர்களுக்குச் செல்கின்றன. இத்தொழிலைக் கற்பிக்கவென்றே சர்க்கார் இங்கு ஒரு தொழில்நுட்பக் கல்விக்கூடத்தை நடத்தி வருகிறது.

பீங்கானின் வெண்மையைப் பாராட்டாதவர் இல்லை. அதைச் செய்யும் இடத்தில் பறக்கும் தூசியை எண்ணிப் பார்ப்பவரோ சிலர்தாம். வெண்களிமண்ணோடு, பொடித்த குவார்ட்ஸ் கல்லும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்தே பீங்கான் ஆகிறது. அந்தக் கல்தூளிலுள்ள சிலிக்கா ஆண்டுக் கணக்கில் மூச்சோடு உட்சென்றால் நுரையீரல் தழும்பேறி இறுகிப் போகும். சிலிகோசிஸ் எனப்படும் இந்நோயைத் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. வராமல் தடுக்க வழி உண்டு. காசநோயைப் போலவே இருமலும் இளைப்பும் காட்டுவதால் அதுவென்றே மயங்கவும் இடமுண்டு. மேலும், இந்நோய் கண்டவரைக் காசநோய் எளிதில் பற்றும். ஆகவே, இருமிக்கொண்டு வருபவரிடம் "என்ன வேலை செய்கிறீர்கள்? எத்தனை வருஷமாக?" என்று டாக்டர் கேட்பது மிக அவசியம்.

உழைப்பவரின் வாழ்க்கையை அருகிருந்து அறிந்தவருக்கு அந்தக் கேள்வி தானே வரும். எல்லோருக்கும் வைத்தியம் கிடைக்க வேண்டுமானால், எல்லா வீடுகளிலிருந்தும் வைத்தியர் வரவேண்டும் என்பது இதனாலேயே. ஒதுக்கப்பட்டவர் டாக்டரானபோது என்ன நடந்தது என்பதற்குச் சரித்திரத்தில் சான்றுகள் உண்டு.

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்தவர் ஜேம்ஸ் மெக்கூன் ஸ்மித். நிறத்தைக் காட்டி அந்நாட்டுக் கல்லூரிகள் அவரைச் சேர்க்க மறுத்தன. கடல் கடந்து கிளாஸ்கோ சென்று, 1837ல் வைத்தியப் பட்டம் பெற்றார். 1869ல் ராபர்ட் டானர் ஃப்ரீமன் ஹார்வர்டில் பல் வைத்தியப் பட்டம் பெற்றார். கறுப்பினத்தவரில் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. 1891ல் டாக்டர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ் சிகாகோவில் பிராவிடன்ட் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அங்கே எந்த நிறத்தவரும் சிகிச்சை பெறலாம்; பிற இடங்களில் மறுக்கப்பட்ட கறுப்பினப் பெண்கள் நர்ஸ் பயிற்சியும் பெறலாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் புதுக்கோட்டையிலேயே 1886ல் பிறந்தார் முத்துலட்சுமி. தாயார் தேவதாசி மரபில் வந்தவர். 1904ல் மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது, பெண் என்றும் பிறப்பைச் சுட்டியும் எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் அனுமதித்ததால் சேர்ந்தார். 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி டாக்டரானார். தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோன துயரம் அவரை விட்டு நீங்கவில்லை. அதன் பயனே 1954ல் திறக்கப்பட்ட அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் குரல் கொடுத்தவரும் அவரே. 1947ல் அதற்குச் சட்டம் வந்தது. அன்று கல்லூரி வாசலிலேயே அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

இக்காலத்திலும் அந்த வாசலை அகலப்படுத்தும் வேலை நடந்திருக்கிறது. நீட் தேர்வில் தேறிய சர்க்கார் பள்ளி மாணவருக்கு, எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் முதலிய படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கித் தமிழ்நாடு 2020ல் சட்டம் செய்தது. அதனால் கூலி வேலை செய்வோரின் பிள்ளைகளும் வெள்ளைக் கோட்டு அணிந்தார்கள்.

ஆனால் இன்று தூசியில் நிற்பவர், அப்பிள்ளைகள் படித்து முடிக்கும் வரை காத்திருக்க முடியுமா? 1948ல் வந்த ஊழியர் காப்பீட்டுச் சட்டம் தொழிலாளிக்கு வைத்திய உரிமையைத் தந்தது. எனினும் சிறு பட்டறையில் நாட்கூலிக்கு வேலை செய்பவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போகலாம். ஒரு நாள் கூலியை இழந்து, சுமார் 60 கிலோமீட்டர் தாண்டிக் கடலூருக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள் என்று அவரிடம் சொல்வது நியாயமாகாது. சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மருந்து கொடுக்கும் திட்டம் 2021ல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. அதுபோலவே மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் வருஷந்தோறும் பட்டறை வாசலுக்கே வரட்டும். பதிவில் இருப்பவர், இல்லாதவர் என்ற பேதம் அதில் கூடாது. கல்தூளை ஈரப்படுத்தி வேலை செய்வதும், தூசியை உறிஞ்சி வெளியேற்றும் விசிறிகள் வைப்பதும் முதலாளிகளின் பொறுப்பு. அவை நடக்கின்றனவா என்று பார்ப்பது அதிகாரிகளின் பொறுப்பு.

விருத்தாசலத்துப் பீங்கானை வாங்குவோர் கீறலும் விரிசலும் உண்டா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தே வாங்குகிறார்கள். அதைச் செய்தவரின் நெஞ்சையும் அதே கவனத்தோடு பார்க்க ஏற்பாடு செய்வது நம் கடமை.